பதினொரு விழுக்காடு

ஏப்ரல். மராதி. நிழலிலேயே நாற்பத்திரண்டு பாகை.
நோன்பின் பத்தொன்பதாம் நாள்.
உலர்ந்த நாக்கோடு
வண்டுகளின் தாகத்தை நிறுத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று கண்ணாடிச் சாடிகள்.
ஒவ்வொன்றின் அடியிலும் ஒவ்வோர் உப்பின் கூழ்.
சமையல் உப்பு தாராளம்,
தன்மேல் நிற்கும் காற்றுக்கு நூற்றுக்கு எழுபத்தைந்து ஈரம் விடும்.
நடுச்சாடி முப்பத்து மூன்று.
கடைசி உப்பு கஞ்சன். பதினொன்றுக்கு மேல் அவிழ்க்காது.
"இதற்கு உப்பு எதற்கு, சன்னலைத் திறந்தால் போதுமே"
என்றேன்.
டாக்டர் இசூஃபு சிரிக்கவில்லை.

ஒரு காராமணி வண்டு
ஐந்து மில்லிகிராமுக்குள் அடங்கும்.
பாதிக்கு மேல் தண்ணீர்.
அதைச் சுற்றி மெழுகு, பெயருக்கு ஒரு பூச்சு.
வண்டுக்கும் வானத்துக்கும் நடுவே
அவ்வளவுதான் சுவர்.

முப்பது பாகையில் மெழுகு நிற்கிறது.
நாற்பதில் முனகுகிறது.
அதற்கும் மேலே ஓரிடத்தில்
ஜாமீன் நின்றவன்போலக் கைவிரிக்கிறது.
என் வரைபடத்தில் கோடு அங்கே
முழங்கால் மடங்கி விழுகிறது.

விலாவோரம் சின்னத் துளைகள்.
மூச்சுக்குத் திறந்தால் நீர் போகும்.
நீருக்காக மூடினால் மூச்சு போகும்.
கடன்காரன் தெருமுனையில் நிற்கும் வீட்டுக் கதவு மாதிரி
ஒரு கணம் திறந்து, உடனே சாத்தி,
காது வைத்துக் கேட்டு, மறுபடி திறந்து.

இரண்டு மணிக்கு மின்சாரம் போனது.
தராசு நான்காம் இலக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டது.
லவாலி ஜெனரேட்டரை உதைக்கப் போனான்.
அப்போதுதான் தேலு வந்தாள்,
கழுதை வண்டியில் ஒரு மூட்டையோடு.
அக்டோபரில் நாங்கள் கொடுத்த மூட்டை அது.
மூன்று உறை, மூன்று முடிச்சு.
ஆறு மாதம் கட்டிலுக்கடியில் கிடந்ததாம்.

அவிழ்த்தோம்.
பயறு பயறாகவே இருந்தது.
அங்கொன்றும் இங்கொன்றுமாய் வண்டுகள்.
ஒன்றை எடுத்து நசுக்கினாள்.
விரலில் ஈரமே இல்லை. தவிடு.

"என்ன விஷம் வைத்தீர்கள்?
என்னிடம் வாங்கித் தின்கிறவர்கள் செத்தால் யார் பொறுப்பு?"

"விஷமில்லை."

"பின்னே?"

எப்படிச் சொல்வது என்று யோசித்தேன்.
இந்தப் பூச்சி பிறந்ததிலிருந்து ஒரு சொட்டும் குடித்ததில்லை.
காய்ந்த பயற்றுக்குள் இருந்துகொண்டு
கொழுப்பை எரித்து, அந்த எரிப்பிலிருந்து
தனக்கான தண்ணீரைத் தானே காய்ச்சுகிறது.
அடுப்பெரியக் காற்று வேண்டும்.
நீ முடிச்சைப் போட்டாய்.
உள்ளேயிருந்த காற்றை அவையே மூச்சுவிட்டுத் தீர்த்தன.
அடுப்பு அணைந்தது.
அதோடு கிணறும்.

தேலு கொஞ்ச நேரம் பேசவில்லை.
வெடித்த உதட்டை நாக்கால் தொடப்போய்,
நோன்பு நினைவு வந்து, நிறுத்திக்கொண்டாள்.
"தாகத்திலா?"
"தாகத்தில்தான்."
பயற்றை ஒரு கை அள்ளி மூட்டைக்குள்ளேயே விட்டாள்,
சத்தம் கேட்பதற்காக.
"புது மூட்டை என்ன விலை?"
சொன்னேன்.
"பேரம் உண்டா?"

மாலை ஜெனரேட்டர் இருமி எழுந்தது.
விடியலில் நெல்லெடை பார்க்கும் தராசில்
லவாலி என்னை நிறுத்தியிருந்தான். ஐம்பத்தெட்டு.
இப்போது ஐம்பத்தாறரை.
நோட்டின் ஓரத்தில் எழுதினான்:
அப்சாத்து, பெண், உப்பு இல்லாத சாடி.
அடித்துவிடச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

எழுபத்தைந்து சாடியில் ஒரு வண்டு
நிதானமாய் உணர்கொம்பு துடைத்துக்கொண்டிருந்தது.
பதினொன்றில் ஆறு மல்லாந்து கிடந்தன.
ஏழாவது இன்னும் சுவரைச் சுற்றிவந்தது.
அதன் எடையை இருமுறை பார்த்தேன்.
தராசில் தவறில்லை.

பாங்கு கேட்டது.
பேரீச்சை ஒன்று. பிறகு தண்ணீர்.
ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த குவளைக்கு
இந்த ஊரில் வியர்ப்பதில்லை.
தடவிப் பார்த்தேன், வெளிப்புறம் காய்ந்த கண்ணாடி.
குவளையின் மேல் வைக்க ஒரு துளிகூட
இந்தக் காற்றிடம் இல்லை.

குடித்தேன்.